நீலகிரிச் சதுப்பின் சாட்சியம்

'சோலை' என்ற தமிழ்ச் சொல்லை ஆங்கிலேய வன அதிகாரிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிக் காடுகளுக்கு உலகத் தாவரவியல் நூல்களில் இன்றும் அதுவே பெயர். அந்தச் சோலைகளைச் சூழ்ந்து கிடந்த புல்வெளிகளுக்கும், இரண்டு மேடுகளுக்கு நடுவே நீர் கசிந்து நின்ற சதுப்புகளுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1860-களில் நீலகிரி நிலங்களை விற்க வகுத்த விதிகளுக்கே 'தரிசு நில விதிகள்' என்றுதான் பெயர் வைத்தார்கள். மரம் நின்றால் காடு, ஏர் ஓடினால் வயல், இரண்டும் இல்லாவிட்டால் தரிசு என்பது அன்றைய கணக்கு. அடுத்த நூற்றாண்டு முழுவதும் இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீலகிரியின் மேட்டு நிலத்தை மாற்றி அமைத்தார்கள். அந்தச் சொல் பிழையானது. அதைப் பிழை என்று காட்டும் சாட்சி வேறெங்கும் இல்லை, தரிசு என்று ஒதுக்கிய அதே சதுப்பின் கறுப்புச் சேற்றுக்குள் அடுக்கடுக்காகக் கிடந்தது. அந்தச் சாட்சியைக் கேட்டு, அதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

நீலகிரியின் மேற்கு விளிம்பில், கேரள எல்லையை ஒட்டி முக்குருத்தி தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றபோது இதுவும் அதில் சேர்ந்தது. இந்தப் பாதுகாப்பு வந்தது முதன்மையாக வரையாட்டுக்காக. ஆனால் வனத்துறையின் அனுமதியோடு உள்ளே செல்பவர் கால் வைக்கும் இடமெல்லாம் மிகப் பழைய ஒன்றின் மேல்தான் வைக்கிறார். மேடுகளில் முழங்கால் உயரப் புல், மடிப்புகளில் குடை விரித்தாற்போல் சோலை, மடிப்புகளின் அடியில் மிதித்தால் அமுங்கி மறுபடி எழும்பும் ஈரத்தரை. அந்த ஈரத்தரையில் கோரைகள்தான் ஆட்சி செய்கின்றன. அவற்றினிடையே வெள்ளைப் பொத்தானைக் குச்சியில் குத்தி வைத்ததுபோல் நிற்கும் எரியோகாலான்கள், மழை மாதங்களில் இளஞ்சிவப்புக் கதிர் நீட்டும் சத்திரியம் ஆர்க்கிட், சேற்றுக்குள் நுண்ணிய பைகளை ஒளித்து வைத்துக்கொண்டு மேலே பூவை மட்டும் காட்டும் யூட்ரிகுலேரியா, இலை முழுக்கப் பசைத்துளி ஏந்தி நிற்கும் அழுகண்ணி.

அழுகண்ணி என்ற பெயர் அழகானது, பொருத்தமானதும்கூட. இலையின் மயிர் நுனிகளில் எப்போதும் ஒரு துளி நிற்கும். அதைத் தேன் என்றோ பனி என்றோ நம்பி வந்து உட்காரும் சிறு பூச்சி ஒட்டிக்கொள்ளும். பிறகு இலை அதை மெல்லச் செரித்துக்கொள்ளும். பூச்சியைத் தின்னும் தேவை ஒரு செடிக்கு ஏன் வந்தது என்று கேட்டால், அதற்கான விடையில் சதுப்பின் இயல்பே அடங்கியிருக்கிறது. எப்போதும் நீர் நிற்கும் தரையில் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகவே வேலை செய்யும். மலையின் குளிர் அவற்றை மேலும் மந்தமாக்கும். செத்த இலையும் வேரும் முழுதாக மக்காததால் அவற்றிலிருக்கும் நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்புவதில்லை. மண் புளிப்பேறி, சத்தற்றுப் போகிறது. அங்கே வாழும் அழுகண்ணி தன் நைட்ரஜனில் ஒரு பங்கைப் பறக்கும் பூச்சியிடமிருந்து பெறுகிறது. நீலகிரியின் அழுகண்ணி வறண்ட மாதங்களில் தரைக்கு மேல் காய்ந்து, அடியில் சிறு கிழங்காக ஒடுங்கிக் கிடந்து, மழைக்கு மறுபடி துளிர்க்கும். இவ்வளவு நுட்பமாக ஓர் இடத்துக்குப் பழகிய செடி நேற்று உண்டான வெட்டவெளியில் திடீரென்று முளைத்திருக்க முடியாது. இது ஒரு குறிப்புதான், நிரூபணம் ஆகாது. நிரூபணம் அழுகண்ணியின் வேருக்கும் கீழே இருக்கிறது.

மக்காமல் தங்கிய அந்தச் செடிச் சிதைவுகள் ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறுத்துக் கெட்டியாவதைத்தான் மண்ணியலார் பீட் என்கிறார்கள். நிலக்கரி ஆகும் பாதையில் முதல் படி அது. அயர்லாந்திலும் ரஷ்யாவிலும் பீட் என்றால் பெரும்பாலும் ஸ்பாக்னம் பாசியின் படிவு. நீலகிரியில் அது புல்லும் கோரையும் செத்துச் சேர்ந்தது. வெப்ப மண்டலத்தில் இவ்வளவு உயரத்தில், இவ்வளவு பழைய பீட் கிடைப்பது அரிது. ஆங்கிலேயர் இதை அறியாமல் இல்லை. உதகையில் விறகுத் தட்டுப்பாடு வந்த காலத்தில் இதை வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரித்தார்கள். தங்கள் நாட்டில் பழகிய பொருள் இங்கும் கிடைத்ததென்ற மகிழ்ச்சிக்கு மேல் அவர்களுக்கு அதில் எதுவும் தெரியவில்லை. பல்லாயிரம் ஆண்டு ஆவணத்தை ஒரு வேளைக் குளிர்காய எரித்தார்கள் என்பதைப் படிக்கும்போது, நம் ஊர் ஓலைச்சுவடிகள் அடுப்பில் போன கதை நினைவுக்கு வராமல் போகாது.

ஆவணம் என்று சொல்வது உவமைக்காக அல்ல. மகரந்தத் தூளின் மேலுறை இயற்கையில் மிக உறுதியான பொருள்களில் ஒன்று. காற்றில்லாத சேற்றில் விழுந்தால் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தும் உருவம் கெடாமல் இருக்கும். மேல் அடுக்கு இன்றையது, கீழே போகப் போகப் பழையது. ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு கணக்கிடலாம். அந்த அடுக்கு படிந்த காலத்தில் சுற்றிலும் எந்தெந்தச் செடிகள் பூத்தன என்பதை நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். நீலகிரிக்கு இப்படி ஓர் எண்ணிக்கை அவசரமாகத் தேவைப்பட்டது, ஏனென்றால் 1938-இல் இந்திய வனத்துறையின் இரு அறிஞர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்திருந்தார்கள். சி.ஆர். ரங்கநாதன் நீலகிரிப் புல்வெளி இயற்கையானது என்றார். குளிர்கால இரவுகளில் வெட்டவெளியில் விழும் உறைபனி சோலை மரங்களின் நாற்றைக் கொன்றுவிடுகிறது, ஆகவே சோலை தன் மடிப்பைத் தாண்டி வெளியே வர முடிவதில்லை என்பது அவர் வாதம். என்.எல். போர் அதை ஏற்கவில்லை. மழை இவ்வளவு பெய்யும் இடத்தில் மரம் வளராமல் இருக்கக் காரணம் மனிதன் வைத்த தீயும் விட்ட மந்தையும்தான் என்றார். போர் சொன்னது சரியென்றால் புல்வெளி என்பது அழிந்த காடு, அதில் மரம் நடுவது அந்த அழிவைச் சரிசெய்வதாகும். ரங்கநாதன் சொன்னது சரியென்றால் அதே மரநடவு அழிவாகிறது. பின்னால் வந்த அரசுகளுக்கு எந்த வாதம் வசதியாக இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த விஷ்ணு மித்ரே, குப்தா ஆகியோர் உதகைச் சுற்றுப்புறச் சதுப்புகளின் மகரந்தத்தை ஆராய்ந்து 1971-இல் சோலையின் தோற்றம் பற்றி எழுதினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பிளாஸ்கோவும் தணிகைமணியும் 1974-இல் தென்னிந்தியத் தாவரங்களின் பழைய வரலாற்றை எழுதினார்கள். உலக மகரந்தவியலில் தமிழர் ஒருவர் பதித்த அடையாளம் என்றால் தணிகைமணியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் உயிரிழந்தார். அவர் பெயரைத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தேட வேண்டியிருப்பது நமக்குப் பெருமையல்ல. அதே பிரெஞ்சு நிறுவனத்தின் வசந்தி 1988-இல் உதகைக்கு அருகே உள்ள சேண்டிநல்லா பள்ளத்தாக்கின் மகரந்தப் பதிவை வெளியிட்டார். இந்த ஆய்வுகளிலெல்லாம் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்று: எவ்வளவு ஆழம் போனாலும் புல்லின் மகரந்தம் இருக்கிறது. கீழே அடர்காடும் மேலே புல்லும் என்ற வரிசை, போர் எதிர்பார்த்திருக்கக்கூடிய வரிசை, அங்கே இல்லை.

ஆனால் மகரந்தத்துக்கு ஒரு குறை உண்டு. புல்லினங்களின் மகரந்தம் ஒன்றுபோலவே இருக்கும், எந்தப் புல் என்று பிரித்தறிய முடியாது. இந்தக் குறையை 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை வேறு வழியில் கடந்தது. யானை ஆய்வுக்காக அறியப்பட்ட பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோருடன் சேர்ந்து எழுதியது அது. அவர்கள் மகரந்தத்தை எண்ணவில்லை, பீட்டில் இருக்கும் கார்பனின் எடையைப் பார்த்தார்கள். கார்பனில் எடை கூடிய வகையும் குறைந்த வகையும் உண்டு. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் வெப்ப நாட்டுப் புற்கள் எடை கூடியதைச் சற்று அதிகமாக உள்ளிழுக்கும். மரங்களும் ஈரம் விரும்பும் செடிகளும் அதைக் குறைவாகவே எடுக்கும். செடி செத்து மக்கிய பிறகும் இந்த விகிதம் பீட்டில் அப்படியே தங்கிவிடும். இதை வைத்து அவர்கள் சுமார் 20,000 ஆண்டுகளின் கதையைப் படித்தார்கள். உலகம் பனிக்காலத்தின் உச்சத்தில் இருந்தபோது நீலகிரி வறண்டு, வறட்சிப் புற்களால் நிறைந்திருந்தது. பனிக்காலம் முடிந்து தென்மேற்குப் பருவமழை வலுத்தபோது, ஏறத்தாழ 11,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன், ஈரம் விரும்பும் செடிகள் பெருகின. பிறகு சில ஆயிரம் ஆண்டுகள் கழித்து மறுபடியும் வறட்சி, மறுபடியும் புல். ராஜகோபாலனும் உடனாய்வாளர்களும் 1997-இல் இந்தப் பதிவை 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கி நீட்டினார்கள். மனிதன் இந்த மலையில் எருமை மேய்த்ததற்குச் சான்றே இல்லாத காலத்தில், இன்று நாம் தரிசு என்று எழுதிவைத்திருக்கும் புல் அங்கே இருந்தது.

இதற்கு எதிராக மூன்று கேள்விகள் எழுப்பலாம், மூன்றும் நேர்மையான கேள்விகள். முதலாவது, சதுப்பின் பீட் சதுப்புச் செடிகளின் எச்சம்தானே, அது மேட்டின் மேல் என்ன வளர்ந்தது என்பதை எப்படிச் சொல்லும் என்பது. கோரைகளிலும் எடை கூடிய கார்பனை அதிகம் எடுப்பவையும் குறைவாக எடுப்பவையும் உண்டு, சதுப்பு சற்று காய்ந்தாலே விகிதம் மாறிவிடக்கூடும். இது உண்மை. ஆகவே கார்பன் ஒன்றை மட்டும் நம்பி மேட்டின் ஒவ்வொரு ஏக்கரையும் பேச முடியாது. ஆனால் மகரந்தம் காற்றில் மேட்டிலிருந்தும் வந்து விழுகிறது. அந்தப் பதிவும் புல்லைத்தான் காட்டுகிறது. தனித்தனியே ஐயத்துக்கு இடம் தரும் இரண்டு சாட்சிகள் ஒரே திசையில் பேசும்போது நீதிமன்றமும் அதை மதிக்கும். இரண்டாவது கேள்வி, பழங்கற்கால வேட்டைக்காரனும் தீ வைத்திருக்கலாமே என்பது. வைத்திருக்கலாம். ஆனால் மலையின் புல்லும் மரமும் உலகத்தின் பனிக்காலத்தோடும் பருவமழையோடும் தாளம் தப்பாமல் ஏறி இறங்கியிருக்கின்றன. அந்தத் தாளத்தை வேட்டைக்காரனின் தீயால் விளக்க முடியாது. மூன்றாவது, அப்படியானால் ஈரமான காலங்களில் காடு பெருகியிருக்கிறது அல்லவா, இன்றும் பெருகினால் என்ன என்பது. பெருகட்டும், தடையில்லை. ஆனால் அன்று பெருகியது சோலை. அது நூற்றாண்டுக் கணக்கில் தன் விளிம்பிலிருந்து அடியடியாக நகர்ந்தது. ஆஸ்திரேலிய நாற்றை வரிசை பிடித்து நட்டு இருபது ஆண்டில் ஒரு மேட்டை மூடுவதற்கு அதே பெயரைச் சூட்டுவது சரியல்ல.

மனிதர் இந்த மேட்டில் பழையவர்கள்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ், மலை முகடுகளில் கிடந்த கற்குவைகளைத் தோண்டி எடுத்த பொருள்களைப் பற்றி 1873-இல் ஒரு நூலே வெளிவந்தது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் இந்த மலையின் பழங்குடியான தோடர்களை அஞ்ச வைத்ததாக 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பேசுகிறது. 1603-இல் கோழிக்கோட்டிலிருந்து வந்த பாதிரியார் பெனீசியோ தோடர்களைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். கல்வெட்டு சொல்வதை வைத்துப் பார்த்தாலே தொள்ளாயிரம் ஆண்டுகளாகத் தோடர்களின் எருமைகள் அந்தப் புல்லை மேய்கின்றன. புல்லுக்குப் பருவத்தில் தீயும் வைத்தார்கள். ஆனாலும் 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் மலையேறியபோது சோலையும் இருந்தது, புல்லும் இருந்தது, சதுப்பும் இருந்தது. மேய்ச்சலே புல்வெளியை உண்டாக்கியது என்பவர்கள் இதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும். தோடர்களுக்குச் சதுப்பு தரிசாக ஒருபோதும் இருந்ததில்லை. அவர்களின் கோயிற்கூரையை வேயும் புல் சதுப்போரத்தில் வளர்வது. தாவரவியலில் அதற்கு எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்று பெயர். 1921-இல் தென்னிந்தியப் புற்கள் பற்றிய நூலை எழுதிய ரங்காச்சாரியாரின் நினைவாக வைத்த பெயர் அது. நீலகிரிக்கு வெளியே அதைக் காண்பது அரிது. உதகையில் முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் கூம்பு வடிவில் நிற்கும் கோயிலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் பயணிகளில் எத்தனை பேருக்கு அந்தக் கூரை ஒரு சதுப்பின் விளைச்சல் என்று தெரியும்? 1930-களில் தோடர் மொழியைக் கற்ற மொழியியலாளர் எமனோ தொகுத்த பாடல்களில் மலைகளும் ஓடைகளும் எருமைக் கொட்டில்களும் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றன. பெயர் சூட்டிப் பாடிய நிலத்தைத் தரிசு என்று பதிந்தவர்கள் பாட்டைக் கேட்காதவர்கள்.

தோடர்களின் நில உரிமைக்காக மேலதிகாரிகளோடு வாதாடியவர் சல்லிவன். அதே சல்லிவன்தான் 1823 முதல் 1825 வரை உதகையில் ஈரமான பள்ளத்தாக்கின் குறுக்கே கரை எழுப்பி ஏரி கட்டினார். பின்னாளில் அந்த ஏரியின் ஒரு பகுதியையும் தூர்த்து, குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் வந்தன. சதுப்பை நீரால் மூடுவது, மூடிய நீரை மண்ணால் மூடுவது என்ற இந்த வரிசை நீலகிரி முழுவதற்கும் முன்மாதிரியாகிவிட்டது. கற்பூர மரம் என்று மலைவாசிகள் சொல்லும் யூகலிப்டஸ் 1843-இல் வந்தது. சீகை என்று அவர்கள் சொல்லும் வாட்டில் வகைகள் அதற்குச் சற்று முன்னமே வந்திருந்தன. உதகைக்கும் வெலிங்டன் படைமுகாமுக்கும் விறகு வேண்டும், அருகிலிருந்த சோலைகள் வேகமாக வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. 1860-களில் உதகையைச் சுற்றிக் கற்பூர மரத் தோட்டங்கள் எழுந்தன. பரந்த மேய்ச்சல் நிலம் ஒன்றுக்குச் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபுவின் பெயரைச் சூட்டி, அங்கே துரைமார் குதிரையேறி நரி வேட்டையாடினார்கள். வேட்டைக்காகவாவது அது வெட்டவெளியாக இருந்தது என்று ஆறுதல் கொள்ளத் தோன்றும் அளவுக்கு அடுத்து வந்த காலம் கடுமையானது.

சுதந்திரத்துக்குப் பின் மேட்டு நிலத்தின்மேல் இரு பெரும் திட்டங்கள் இறங்கின. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு 1950-களிலும் 60-களிலும் குந்தா மின்திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று அணைகள் அடுத்தடுத்து வந்தன. அகன்ற அடியும் குறுகிய வாயும் கொண்ட ஈரப் பள்ளத்தாக்கே அணைக்குத் தோதான இடம். ஆகவே மூழ்கியதில் சதுப்பே முன்னால் நின்றது. மற்றொன்று சீகை நடவு. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான சீகைப் பட்டை இங்கேயே வேண்டும் என்றார்கள். சிறுமுகையின் விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்றார்கள். புல்வெளியின் மேல் ஆயிரக்கணக்கான ஏக்கரில் சீகை நட்டார்கள். 1980-கள் வரை நடவு ஓயவில்லை. சிறுமுகை ஆலை பின்னர் மூடிவிட்டது. தோல் தொழில் குரோமியத்துக்குத் திரும்பியது. மரம் மட்டும் நின்றுவிட்டது.

அன்று நட்டவர்களைக் குற்றவாளிகளாக்குவது எளிது, ஆனால் நியாயமல்ல. கற்பூர மரம் விறகுக்கு வராதிருந்தால் உதகையைச் சுற்றிச் சோலை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்பது பலமான வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. தைலம் காய்ச்சிப் பிழைத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்த வாதம் எதற்கு மரம் நட்டார்கள் என்பதற்குத்தான் விடை, எங்கே நட்டார்கள் என்பதற்கு விடையல்ல. வெட்டிய சோலையின் இடத்தில் நட்டிருக்கலாம், ஊரோரத்தில் நட்டிருக்கலாம். புல்லிலும் சதுப்போரத்திலும் நட்டதற்குக் காரணம் அங்கே எதுவும் இல்லை என்று எண்ணியது. அந்த எண்ணத்துக்கு விலையை நீரில் கொடுத்தோம். மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் 59 சதவீதத்தில் 1970-களில் கற்பூர மரம் நட்டு, ஓடையை ஆண்டுக்கணக்கில் அளந்தது. மரம் நட்ட ஓடையில் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரம் நட்டால் மழை வரும், ஊற்று பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பாடம் இந்த மலையின் புல்லுக்குப் பொருந்தவில்லை.

சதுப்பின் பெரிய தொண்டு இங்கேதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழையைத் தாங்க எந்தச் சதுப்பாலும் இயலாது, நிலச்சரிவும் வெள்ளமும் வந்தன. ஆனால் எல்லா ஆண்டும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு, மழை நின்ற பிறகு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது இந்தப் பீட்தான். முக்குருத்திக்கு அருகே பிறக்கும் பைக்காரா, மோயாறாக இறங்கிப் பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. கோபிச்செட்டிப்பாளையத்து நெல்லும் ஈரோட்டு மஞ்சளும் கோடையில் குடிக்கும் நீரில் நீலகிரிச் சதுப்பு தேக்கி வைத்த பங்கு உண்டு. தரிசு என்ற சொல்லின் கணக்கில் இந்தப் பங்கு எங்கும் வரவே இல்லை.

அப்படியானால் சீகையை எல்லாம் வெட்டிவிடலாமா என்பது இன்றைய கேள்வி. சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைப்பதைக் காட்டி, வெட்டாதீர்கள், அதுவே சோலையாகிவிடும் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். பழைய சோலையின் ஓரத்தில் அவர்கள் சொல்வது நடக்கிறது, அங்கே அவசரப்பட்டு வெட்டுவது தவறு. ஆனால் நூறாயிரம் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கி, தீ பட்டால் ஒன்றாக எழும் மரம் சீகை. புல்வெளியில் அது சோலைக்கு வழிவிடும் என்று காத்திருப்பது புல்வெளியைக் கைகழுவுவதுதான். வெட்டியதும் அந்த வெற்றிடத்தில் ஸ்காட்ச் புரூமும் கிக்குயூ புல்லும் புகுவதும் உண்மை. சதுப்பிலோ வெண்கல்லா லில்லி அழகாகப் பூத்துக் கோரையை நெருக்குகிறது. ஆகவே வெட்டுவது மட்டும் போதாது. சிறு சிறு துண்டாக எடுத்து, புல்லை நட்டு, சில ஆண்டுகள் கூடவே இருந்து களையெடுக்க வேண்டும். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதை செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீலகிரிக்கு அந்த நிலை முழுதாக வருவதற்குள் இந்தச் சீரமைப்பு நடக்க வேண்டும்.

முக்குருத்தி காக்கப்படுகிறதே, பிறகென்ன என்று கேட்பவர்களும் உண்டு. காக்கப்படுவது வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அந்த எல்லை வரையாடு நிற்கும் மேற்கு விளிம்பை வைத்து வரையப்பட்டது, பீட் கிடக்கும் இடத்தை வைத்து அல்ல. சதுப்புக்கு என்று தனியாக ஒரு வரைபடம் வேண்டும், எத்தனை ஏக்கர், எத்தனை அடி ஆழம், யார் பெயரில் என்று. வருவாய்ப் பதிவேட்டில் அவற்றின் வகைப்பாட்டை மாற்ற வேண்டும். வடிகால் வெட்டவும், மண் கொட்டவும், மோட்டார் வைத்து நீர் இறைக்கவும் அங்கே தடை வேண்டும். நீலகிரி மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் சேர்ந்தால் இது ஆகாத காரியமல்ல. இந்த மலையின் 40,000 ஆண்டுக் கதையை நமக்குச் சொன்ன பீட் எடுக்கப்பட்டது சேண்டிநல்லாவில். அதற்கு முன் மகரந்தம் எண்ணப்பட்ட சதுப்புகள் காக்காத்தோப்பிலும் ரீஸ் கார்னரிலும். மூன்றுமே தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.